சூரியனின் கொரோனா: வெப்பநிலையும் தனிமச் செறிவும் அறியப்பட்ட வரலாறு

கொரோனா என்பது சூரிய வளிமண்டலத்தின் மிக வெளிப்புற அடுக்கு ஆகும். முழுச் சூரிய கிரகணத்தின்போது, நிலவின் கரிய வட்டத்தைச் சுற்றி வெண்ணிறத்தில் விரியும் ஒளிவட்டமே இது. இதன் ஒளி, சூரியனின் ஒளிமண்டலம் தரும் ஒளியில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்குதான். அதனால் கிரகணம் அல்லாத வேளைகளில் பகல் வானத்தின் வெளிச்சத்தில் இது மறைந்துவிடுகிறது. ஒளிமண்டலத்தின் வெப்பநிலை சுமார் 5,770 கெல்வின். அதற்கு மேலே உள்ள கொரோனாவின் வெப்பநிலை 10 லட்சம் முதல் 20 லட்சம் கெல்வின் வரை உள்ளது. கொரோனாவில் உள்ள தனிமங்களின் விகிதமும் ஒளிமண்டலத்தில் உள்ளதைப் போல இல்லை.

இவ்விரு உண்மைகளும் தெளிவாவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. கொரோனா எவ்வளவு வெப்பமானது, அது எவற்றால் ஆனது என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் தவறாகக் கணித்தால் மற்றதும் தவறாகும். கொரோனா ஆய்வின் வரலாற்றில் நேர்ந்த பெரிய பிழைகளும் பெரிய திருத்தங்களும் இந்தப் பிணைப்பிலிருந்தே பிறந்தன.

கிரகணங்களும் பச்சைக் கோடும்

1859, 1860ஆம் ஆண்டுகளில் கிர்க்காஃபும் புன்சனும் நிறமாலைப் பகுப்பாய்வை நிலைநாட்டினர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை நிறமாலையில் காட்டும் என்பதால், தொலைவில் உள்ள விண்பொருள்களின் வேதியியலை அறிய முதன்முறையாக ஒரு வழி கிடைத்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் கிரகணங்களைக் காணச் சென்ற வானியலாளர்கள் தொலைநோக்கியோடு நிறமாலைமானியையும் எடுத்துச் சென்றனர்.

1868 ஆகஸ்டு 18 அன்று இந்தியாவைக் கடந்து சென்ற கிரகணம் இதில் முதல் பெரிய வாய்ப்பாக அமைந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்செனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் அதைக் கவனித்தனர். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தழல்கள் ஒளிரும் வாயுவால் ஆனவை என்பது உறுதியாயிற்று. அவற்றின் நிறமாலையில் இருந்த ஒரு மஞ்சள் கோடு, அன்று அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் உரியதாக இல்லை. இங்கிலாந்தின் நார்மன் லாக்யர் அதற்குரிய தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயரிட்டார். 1895இல் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து ஹீலியத்தைப் பிரித்தெடுத்தபோது அந்தக் கருத்து மெய்ப்பட்டது.

1869 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்காவில் முழுக் கிரகணம் நிகழ்ந்தது. அயோவா மாநிலத்தில் தனித்தனியே ஆய்வு செய்த சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ஆகிய இருவரும் கொரோனாவின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். கிர்க்காஃபின் அளவுகோலில் அதன் இடம் 1474. அந்த இடத்தில் இரும்பின் கோடு ஒன்றும் இருந்ததால், அது இரும்புக்கு உரியதோ என்ற எண்ணம் முதலில் எழுந்தது. ஆனால் இரும்பின் வேறு வலிமையான கோடுகள் எதுவும் கொரோனாவில் தென்படவில்லை. 1876இல் யங் கூடுதல் பிரிதிறன் கொண்ட கருவியால் ஆராய்ந்து, அந்த இடத்தில் இருப்பது நெருக்கமான இரு கோடுகள் என்று காட்டினார். இரும்போடு இருந்த தொடர்பு அறுந்தது. 1898 கிரகணப் படங்களை அளந்தபோது, பச்சைக் கோட்டின் உண்மையான அலைநீளம் 530.3 நானோமீட்டர் என்பதும், இரும்புக் கோட்டிலிருந்து அது நன்றாகவே விலகியிருப்பதும் தெரிந்தன.

1871: நீலகிரியும் புதுக்கோட்டையும்

1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த கிரகணத்தின் பாதை தமிழகத்தையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்தது. லாக்யர் மலபார்க் கடற்கரையில் பேக்கல் கோட்டையிலும், ஜான்சென் நீலகிரியில் உதகைக்கு அருகே சோலூரிலும், இத்தாலியின் லொரென்சோ ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் தங்கிக் கவனித்தனர். பிளவு இல்லாத நிறமாலைமானியைப் பயன்படுத்திய ரெஸ்பிகிக்கு, கோடுகளுக்குப் பதிலாக நிற வளையங்கள் தெரிந்தன. ஒவ்வொரு வளையமும் அந்தந்த நிற ஒளி சூரியனைச் சுற்றி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் காட்டியது. பச்சை வளையம் அகன்றும் ஒளி மிகுந்தும் இருந்தது.

நீலகிரியின் தெளிந்த வானில் ஜான்சென் வேறொன்றைக் கண்டார். கொரோனாவின் நிறமாலையில், சாதாரணச் சூரிய ஒளியில் உள்ள கருங்கோடுகள் சில மங்கலாகத் தெரிந்தன. அப்படியானால் கொரோனாவின் ஒளியில் ஒரு பகுதி அதன் சொந்த ஒளியன்று, ஒளிமண்டலத்திலிருந்து வந்து சிதறிய ஒளி. சூரியனுக்கும் புவிக்கும் இடையே பரவியுள்ள தூசுத் துகள்கள் சிதறடிக்கும் இந்த ஒளி இன்று எஃப் கொரோனா எனப்படுகிறது.

கொரோனியம்

பச்சைக் கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால், அது கொரோனியம் என்னும் புதிய தனிமத்துக்கு உரியது என்ற கருத்து வலுப்பெற்றது. ஹீலியத்தின் முன்னுதாரணம் இருந்ததால் இது வீண் கற்பனையாகத் தோன்றவில்லை. முதலில் சூரியனில், பின்னர் புவியில் என்ற அதே வரிசையில் கொரோனியமும் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். சூரியனிலிருந்து வெகு உயரம் வரை அது பரவியிருப்பதால் ஹைட்ரஜனைவிட இலேசானதாக இருக்க வேண்டும் என்றும் கருதினர். தனிம அட்டவணையை வகுத்த டிமித்ரி மெண்டலீவ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைட்ரஜனுக்கு முன்னால் அதற்கு ஓர் இடம் கொடுத்துப் பார்த்தார்.

இந்த வாதத்தில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஒரு வாயு எவ்வளவு உயரம் பரவும் என்பது அதன் எடையை மட்டுமன்றி வெப்பநிலையையும் பொறுத்தது. கொரோனாவின் வெப்பநிலை ஒளிமண்டலத்தின் வெப்பநிலையை ஒத்தது அல்லது அதைவிடக் குறைந்தது என்று எவரும் ஐயமின்றி எடுத்துக்கொண்டனர். வெப்பமான பொருளை விட்டு விலக விலக வெப்பம் குறையும் என்பது அன்றாட அனுபவம். அந்த அனுபவத்தை நம்பியதால், வெப்பநிலையில் இருந்த தவறு இல்லாத தனிமம் ஒன்றைப் பிறப்பித்தது.

அணு அமைப்பு பற்றிய அறிவு வளர வளர கொரோனியத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1913இல் ஹென்றி மோஸ்லி தனிமங்களுக்கு அணு எண் உண்டு என்று காட்டியபின், ஹைட்ரஜனுக்கு முன்னால் எந்தத் தனிமமும் இருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. நெபுலாக்களில் காணப்பட்ட பச்சைக் கோடுகளுக்காக நெபுலியம் என்ற தனிமமும் இதேபோல் முன்மொழியப்பட்டிருந்தது. 1927இல் ஐரா போவென், அவை இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் விலக்கப்பட்ட கோடுகள் என்று நிறுவினார். மிகக் குறைந்த அடர்த்தியில் மட்டுமே இத்தகைய கோடுகள் தோன்றும். ஆய்வகத்தில் அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்வதால் அந்த ஒளியை உமிழும் முன்பே ஆற்றலை இழந்துவிடுகின்றன. கொரோனியத்துக்கும் இதுபோன்ற விடை இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவியது. எந்த அணு, எத்தனை எலக்ட்ரான்களை இழந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

குரோட்ரியனும் எட்லேனும்

ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியன் 1930களின் தொடக்கத்தில், உட்கொரோனாவின் தொடர்நிறமாலையில் கருங்கோடுகள் ஏன் இல்லை என்று ஆராய்ந்தார். அந்த ஒளியைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள் என்றால், அவற்றின் வேகத்தால் டாப்ளர் விளைவு ஏற்பட்டுக் கோடுகள் அகன்று கரைந்திருக்க வேண்டும். அப்படிக் கரைவதற்கு எலக்ட்ரான்கள் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 10 லட்சம் கெல்வினில் ஓர் எலக்ட்ரானின் வெப்ப வேகம் நொடிக்குச் சுமார் 5,500 கிலோமீட்டர். ஆனால் அத்தகைய வெப்பநிலை கொரோனாவில் இருக்கலாம் என்ற முடிவுக்கு அன்று யாரும் துணியவில்லை.

அதே காலத்தில் பிரான்சின் பெர்னார்ட் லியோ, பிக் து மிதி மலை உச்சியில் கொரோனாகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். செயற்கையாக ஒரு கிரகணத்தை ஏற்படுத்தும் இக்கருவியால், சில நிமிட கிரகணத்துக்காகக் காத்திராமல் நாள்தோறும் கொரோனாவின் கோடுகளை அளக்க முடிந்தது. கோடுகள் எதிர்பார்த்ததைவிட மிக அகலமாக இருந்தன.

சுவீடனின் பெங்ட் எட்லேன் உப்சாலாவில், வெற்றிடத்தில் மின்பொறி எழுப்பி, பல எலக்ட்ரான்களை இழந்த அணுக்களின் நிறமாலைகளை வரிசைப்படுத்தி வந்தார். அவருடைய அளவீடுகளிலிருந்து அந்த அயனிகளின் ஆற்றல் நிலைகள் கிடைத்தன. 1939இல் குரோட்ரியன், 9 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் இரு அடிநிலைகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாடு கொரோனாவின் 637.4 நானோமீட்டர் சிவப்புக் கோட்டோடும், 10 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் வேறுபாடு 789.2 நானோமீட்டர் கோட்டோடும் பொருந்துவதைச் சுட்டிக்காட்டினார். எட்லேன் இந்த இழையைப் பற்றிக்கொண்டு மற்றக் கோடுகளையும் அடையாளம் கண்டார். பச்சைக் கோடு 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்புக்கு உரியது. மற்றவை இரும்பு, நிக்கல், கால்சியம் முதலியவற்றின் அயனிகளுக்கு உரியவை. 1940களின் தொடக்கத்தில் வெளியான அவருடைய முடிவுகளோடு கொரோனியத்தின் கதை முடிவுக்கு வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இரும்போ என்று எழுந்த ஐயம், முற்றிலும் வேறு காரணத்தால், சரியாகவே அமைந்தது.

இந்த அடையாளத்தின் விளைவு தனிமத்தோடு நிற்கவில்லை. இரும்பிலிருந்து 13ஆவது எலக்ட்ரானை நீக்கச் சுமார் 360 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. ஒளிமண்டல வெப்பநிலையில் ஒரு துகளின் சராசரி ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டைக்கூட எட்டாது. எனவே கொரோனா பல லட்சம் கெல்வின் வெப்பமுடையதாக இருந்தே தீர வேண்டும். 1941இல் ஹானஸ் ஆல்ஃப்வேன், கொரோனாவின் பரப்பு, கோடுகளின் அகலம் முதலிய சான்றுகளைத் திரட்டி இதே முடிவை அடைந்தார். 6,000 கெல்வின் வெப்பமுள்ள வாயு சூரியனின் ஈர்ப்பில் சில நூறு கிலோமீட்டர் உயரத்துக்குள் அடர்த்தி இழந்துவிடும். 10 லட்சம் கெல்வினில் அந்த அளவு சுமார் 50,000 கிலோமீட்டர். கொரோனா உயரமாகப் பரவியிருப்பதற்குக் காரணம் அதன் இலேசான தன்மையன்று, அதன் வெப்பமே.

1946இல் ஆஸ்திரேலியாவின் பாசியும் மார்ட்டினும் சூரியனிலிருந்து வரும் மீட்டர் அலைநீள ரேடியோ அலைகள் 10 லட்சம் கெல்வின் வெப்பநிலையைக் காட்டுவதாக அறிவித்தனர். போர்க்கால வி-2 ஏவுகணைகளில் வைத்து அனுப்பப்பட்ட கருவிகள் 1940களின் இறுதியில் சூரியனின் எக்ஸ் கதிர்களைப் பதிவு செய்தன. அதன்பின் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

சாகா சமன்பாடும் அதன் எல்லையும்

ஒரு வாயுவில் எத்தனை அணுக்கள் அயனியாகியிருக்கும் என்பதை வெப்பநிலையோடும் அழுத்தத்தோடும் இணைத்தவர் மேக்நாத் சாகா. 1920இல் வெளியான அவருடைய சமன்பாடுதான் சூரியனின் ஒளிமண்டலத்தையும் விண்மீன்களின் நிறமாலையையும் படிக்கும் திறவுகோலாயிற்று. அதைக் கொண்டே 1925இல் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன் என்று காட்டினார்.

கொரோனாவுக்கு அந்தச் சமன்பாடு பொருந்தவில்லை. கொரோனாவின் அடிப்பகுதியில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 10 கோடி எலக்ட்ரான்களே உள்ளன. நாம் சுவாசிக்கும் காற்றிலோ அதே கன அளவில் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. இத்தகைய அடர்த்திக் குறைவில் பொருளும் கதிர்வீச்சும் சமநிலையில் இருப்பதில்லை. எலக்ட்ரான் மோதி அயனியாக்குகிறது. எலக்ட்ரான் வந்து சேரும்போது ஒளி வெளிப்பட்டு அயனி மீள்கிறது. இவ்விரு நிகழ்வுகளும் எலக்ட்ரான் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் நடப்பதால் அடர்த்தி கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. அயனிகளின் விகிதம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்து நிற்கிறது. எனவே ஒவ்வோர் அயனியும் ஒரு வெப்பமானி ஆகிறது. 9 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு சுமார் 10 லட்சம் கெல்வினிலும், 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு சுமார் 20 லட்சம் கெல்வினிலும் மிகுதியாக இருக்கும்.

ஆயினும் இந்த வெப்பமானி முதலில் தவறான அளவைக் காட்டியது. 1950களில் அயனிச் சமநிலையிலிருந்து கிடைத்த வெப்பநிலை சுமார் 8 லட்சம் கெல்வின். கோடுகளின் அகலத்திலிருந்து கிடைத்ததோ சுமார் 20 லட்சம் கெல்வின். கோடுகளை அகலமாக்குவதில் வாயுவின் கொந்தளிப்புக்கும் பங்கு உண்டு என்றாலும், வேறுபாடு அதனால் மட்டும் தீரவில்லை. 1964இல் ஆலன் பர்கஸ் இதற்கு விடை கண்டார். அயனியை வந்தடையும் எலக்ட்ரான், தன் ஆற்றலைக் கொண்டு அயனியில் ஏற்கெனவே உள்ள மற்றோர் எலக்ட்ரானை மேல்நிலைக்கு உயர்த்திவிட்டுத் தானும் தங்கிவிடும் ஒரு மீள்சேர்க்கை முறை உண்டு. வெப்பமான வாயுவில் இது மிக வேகமாக நடக்கிறது என்று அவர் காட்டினார். மீள்சேர்க்கை வேகமானால், அதே அயனிகளைப் பேணக் கூடுதல் வெப்பம் தேவை. இத்திருத்தத்தால் இரு அளவுகளும் நெருங்கி வந்தன.

இரும்பின் அளவு: கொரோனா சொன்ன உண்மை

1960களில் ஏவுகணைகளும் செயற்கைக்கோள்களும் கொரோனாவின் புறஊதா நிறமாலையைத் தந்தன. ஒரு கோட்டின் ஒளிர்வு மூன்றைப் பொறுத்தது: அத்தனிமம் எவ்வளவு உள்ளது, அந்த வெப்பநிலையில் அதில் எத்தனை பங்கு அந்த அயனியாக உள்ளது, அங்குள்ள எலக்ட்ரான் அடர்த்தியின் இருமடி என்ன. 1963இல் ஸ்டூவர்ட் பொட்டாஷ் பல தனிமங்களின் கோடுகளைச் சேர்த்து, வெவ்வேறு வெப்பநிலையில் எவ்வளவு பொருள் உள்ளது என்னும் வளைகோட்டை வரைந்தார். எல்லாத் தனிமங்களும் ஒரே வளைகோட்டில் அமைய வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அவற்றின் செறிவு கிடைத்தது.

முடிவு வியப்பளித்தது. கொரோனாவில் இரும்பின் அளவு, ஒளிமண்டலத்தில் அன்று ஏற்கப்பட்டிருந்த அளவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. 1960இல் கோல்ட்பெர்க், முல்லர், ஆலர் ஆகியோர் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில், 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 4 இரும்பணுக்கள் என்றிருந்தது. இரும்பு கனமானது. அது மேலே போய்ச் சேர்வது எப்படி என்று விளக்கம் தேடினர். கொரோனாவுக்கான அணுத் தரவுகள் நம்பத்தக்கவையல்ல என்றும் பலர் கருதினர்.

ஆனால் தவறு கீழே இருந்தது. ஒளிமண்டலத்தில் இரும்பின் அளவைக் கணிக்க, அதன் ஒவ்வொரு கோடும் எவ்வளவு வலிமையாக ஒளியை உறிஞ்சும் என்ற ஆய்வக மதிப்பு தேவை. அந்த மதிப்புகள் பிழையானவை. 1969இல் ஜெர்மனியின் கீல் நகரில் கார்ஸ், காக் ஆகியோர் வெளியிட்ட புதிய அளவீடுகளின் அடிப்படையில் ஒளிமண்டல இரும்பு 10 லட்சத்துக்குச் சுமார் 30 என உயர்ந்தது. விண்கற்களில் உள்ள இரும்பின் அளவும் இதனோடு ஒத்துப்போயிற்று. நன்றாக அறியப்பட்டதாகக் கருதப்பட்ட ஒளிமண்டலத்தைவிட, ஐயத்தோடு பார்க்கப்பட்ட கொரோனாவே உண்மைக்கு அருகில் நின்றது.

முதல் அயனியாக்க ஆற்றல் விளைவு

இரும்பின் முரண்பாடு தீர்ந்ததும், கொரோனாவும் ஒளிமண்டலமும் ஒரே கலவைதான் என்ற எண்ணம் சில காலம் நிலவியது. அதுவும் நிலைக்கவில்லை. 1970களில் சூரியனிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்களை நேரடியாக எண்ணியபோதும், 1973-74இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் பதிவுசெய்த நிறமாலைகளை ஆராய்ந்தபோதும் ஓர் ஒழுங்கு தென்பட்டது. 1985இல் ழான்-பால் மேயர் கிடைத்த தரவுகளையெல்லாம் தொகுத்து அதைத் தெளிவாக்கினார்.

ஓர் அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றலே முதல் அயனியாக்க ஆற்றல். இது சோடியத்துக்கு 5.1, கால்சியத்துக்கு 6.1, மக்னீசியத்துக்கு 7.6, இரும்புக்கு 7.9, சிலிக்கனுக்கு 8.2 எலக்ட்ரான் வோல்ட். ஆக்சிஜனுக்கு 13.6, நைட்ரஜனுக்கு 14.5, ஆர்கனுக்கு 15.8, நியானுக்கு 21.6. ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ள தனிமங்கள், மேலே உள்ளவற்றோடு ஒப்பிட, கொரோனாவில் மூன்று நான்கு மடங்கு மிகுந்துள்ளன. 10.4 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட கந்தகம் இடையில் நிற்கிறது. அணுவின் எடைக்கு இதில் பங்கில்லை. இலேசான சோடியமும் கனமான இரும்பும் ஒரே பக்கம் நிற்கின்றன.

இந்தப் பிரிப்பு கொரோனாவில் நடந்திருக்க முடியாது. அங்கே இத்தனிமங்கள் எல்லாமே பல எலக்ட்ரான்களை இழந்துவிட்டவை. முதல் எலக்ட்ரானை இழந்ததா இல்லையா என்பது வேறுபாடு காட்டக்கூடிய ஒரே இடம், சில ஆயிரம் கெல்வின் வெப்பமுள்ள நிறமண்டலம். அங்கே இரும்பு, மக்னீசியம் போன்றவை அயனிகளாகவும், ஆக்சிஜன், நியான் போன்றவை பெரும்பாலும் நடுநிலை அணுக்களாகவும் உள்ளன. காந்தப்புலத்தோடு தொடர்புடைய விசை அயனிகளை மட்டும் மேலே இழுக்கும். 2004இல் மார்ட்டின் லேமிங், கொரோனாவின் காந்த வளைவுகளில் எதிரொலிக்கும் ஆல்ஃப்வேன் அலைகள் இவ்விசையைத் தருவதாக ஒரு கொள்கையை முன்வைத்தார். கொரோனாவை வெப்பப்படுத்துவதிலும் இதே அலைகளுக்குப் பங்கு இருக்கலாம் என்று கருதப்படுவதால், தனிமச் செறிவு பற்றிய கேள்வி மீண்டும் வெப்பநிலை பற்றிய கேள்வியோடு வந்து இணைகிறது.

வெப்பநிலையின் அமைப்பு

கொரோனா ஒரே வெப்பநிலை கொண்ட உறையன்று. ஒளிமண்டலத்திலிருந்து மேலே செல்லச் செல்ல வெப்பநிலை முதலில் குறைந்து, சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் 4,400 கெல்வின் அளவுக்கு இறங்குகிறது. பின்னர் நிறமண்டலத்தில் மெல்ல உயர்ந்து, சுமார் 2,000 கிலோமீட்டருக்கு மேல் மிக மெல்லிய இடைநிலை அடுக்கில் திடீரென 10 லட்சம் கெல்வினைத் தொடுகிறது. உண்மையில் இந்த எல்லை சமமான தளமன்று. எங்கும் காந்தப்புலமே அதன் வடிவை முடிவுசெய்கிறது.

ஸ்கைலாப் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் கொரோனாவின் மூன்று வகைப் பகுதிகளைப் பிரித்துக் காட்டின. கரும்புள்ளிகளுக்கு மேலே உள்ள செயல்மிகு பகுதிகளின் காந்த வளைவுகள் 20 முதல் 40 லட்சம் கெல்வின் வரை வெப்பமானவை. அமைதியான பகுதிகள் 10 முதல் 20 லட்சம் கெல்வின். காந்தக் கோடுகள் விண்வெளியை நோக்கித் திறந்திருக்கும் கொரோனா துளைகள் 10 லட்சம் கெல்வின் அளவிலோ சற்றுக் குறைவாகவோ உள்ளன. சூரியத் தழல்வெடிப்பின்போது வெப்பநிலை 1 கோடி கெல்வினைத் தாண்டும். 1995இல் ஏவப்பட்ட சோஹோ, 2006இன் ஹினோடே, 2010இன் சூரிய இயக்கவியல் ஆய்வகம் ஆகியவை வெவ்வேறு இரும்பு அயனிகளின் ஒளியில் சூரியனைப் படமெடுத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் கொரோனா எப்படித் தோன்றுகிறது என்று காட்டின.

செறிவும் இப்பகுதிகளைப் பொறுத்தே மாறுகிறது. ஒளிமண்டலத்திலிருந்து புதிதாக எழும் காந்த வளைவில் முதலில் ஒளிமண்டலக் கலவையே உள்ளது. சில நாள்களில் எளிதில் அயனியாகும் தனிமங்கள் அதில் மிகுகின்றன. கொரோனா துளைகளிலிருந்து வரும் வேகமான சூரியக் காற்றில் இம்மிகுதி மிகக் குறைவு. மெதுவான சூரியக் காற்றில் அது சுமார் மூன்று மடங்கு. 1990களில் சூரியனின் துருவங்களுக்கு மேலே பறந்த யுலிசிஸ் விண்கலம் இந்த வேறுபாட்டை உறுதி செய்தது. இதனால் புவியருகே பிடிபடும் ஒரு பிடி சூரியக் காற்றின் கலவையைக் கொண்டு, அது சூரியனின் எப்பகுதியிலிருந்து கிளம்பியது என்று கணிக்க முடிகிறது.

இவ்விளைவு தலைகீழாகவும் நிகழ்கிறது. மிகச் செயல்மிகு விண்மீன்கள் சிலவற்றின் கொரோனாவில் எளிதில் அயனியாகும் தனிமங்கள் குறைந்துள்ளதை, 2000க்குப் பிறகு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் கண்டன. 2015இல் தோஷெக் குழுவினர் ஹினோடே தரவுகளில், பெரிய கரும்புள்ளிகளுக்கு அருகே தழல்வெடிப்புகளின்போது சூரியனிலும் சிறு பகுதிகளில் இது நிகழ்வதைக் காட்டினர்.

இந்திய ஆய்வுகள்

சென்னை வானாய்வகத்தின் வழிவந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இன்று பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பகுதி. அந்நிறுவனம் உருவாக்கிய கொரோனாகிராஃப் ஆதித்யா-எல்1 விண்கலத்தில் உள்ளது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இவ்விண்கலம் 2024 ஜனவரி 6 அன்று தன் சுற்றுப்பாதையை அடைந்தது. இக்கருவி நிறமாலையில் நோக்கும் கோடுகளில் ஒன்று, 1869இல் யங்கும் ஹார்க்னஸும் கண்ட அதே 530.3 நானோமீட்டர் பச்சைக் கோடு.

சந்திரயான்-2 விண்கலத்தில் உள்ள சூரிய எக்ஸ் கதிர்மானியை அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் உருவாக்கியது. 2019, 2020ஆம் ஆண்டுகளில் சூரியன் மிக அமைதியாக இருந்தபோது இக்கருவி எடுத்த அளவீடுகளில், கரும்புள்ளிகள் எதுவும் இல்லாத வேளையிலும் சுமார் 20 லட்சம் கெல்வின் வெப்பமுள்ள பொருள் காணப்பட்டது. மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றின் மிகுதி, செயல்மிகு பகுதிகளில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தது. சிறு தழல்வெடிப்பின் உச்சத்தில் அவற்றின் அளவு ஒளிமண்டல அளவுக்கு இறங்கி, வெடிப்பு தணியும்போதே மீண்டும் உயர்ந்தது. நிறமண்டலப் பொருள் சூடாகி மேலே பாய்ந்து வளைவுகளை நிரப்புவதையே இந்த இறக்கம் காட்டுகிறது. மீட்சி ஏன் இவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

எஞ்சிய கேள்விகள்

கொரோனாவின் கலவை சூரியனின் உள்ளமைப்பு பற்றிய அறிவையும் பாதிக்கிறது. ஒளிமண்டலத்தின் வெப்பநிலையில் நியான் எந்தக் கோட்டையும் காட்டுவதில்லை. எனவே சூரியனில் நியான் எவ்வளவு என்பதைக் கொரோனாவிலும் அதற்குக் கீழுள்ள இடைநிலை அடுக்கிலும் அளந்தே அறிய வேண்டும். 2000க்குப் பிறகு ஒளிமண்டல ஆக்சிஜனின் அளவு குறைத்து மதிப்பிடப்பட்டபோது, சூரியனின் அதிர்வுகளிலிருந்து பெறப்பட்ட உள்ளமைப்போடு கணிப்புகள் முரண்பட்டன. அந்த முரண்பாட்டைத் தீர்க்க நியானின் அளவை உயர்த்தலாமா என்ற விவாதம் கொரோனா அளவீடுகளையே நம்பி நடந்தது. கலவையைப் பிரித்துக் காட்டும் ஓர் அடுக்கிலிருந்து முழுச் சூரியனின் கலவையைக் கணிக்க வேண்டியிருப்பதே இதில் உள்ள இடர்.

கொரோனாவை வெப்பப்படுத்துவது எது என்ற கேள்வியும் முழுதாகத் தீரவில்லை. ஒளிமண்டலத்தின் அசைவால் எழும் அலைகள் ஆற்றலைக் கொண்டுசெல்கின்றன என்பது ஒரு விளக்கம். முறுக்கேறிய காந்தக் கோடுகள் எண்ணற்ற நுண்வெடிப்புகளாக ஆற்றலை விடுவிக்கின்றன என்பது 1988இல் யூஜின் பார்க்கர் முன்வைத்த விளக்கம். அவர் பெயரைத் தாங்கி 2018இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம் 2021 ஏப்ரலில் கொரோனாவுக்குள் முதன்முறையாக நுழைந்தது. 2020இல் ஏவப்பட்ட சோலார் ஆர்பிட்டர், கொரோனாவின் தனிமச் செறிவைப் படமாக்குவதோடு, தன்னைக் கடந்து செல்லும் சூரியக் காற்றின் கலவையையும் அளக்கிறது. ஒரே பொருளைச் சூரியனிலும் விண்வெளியிலும் அளந்து ஒப்பிடும் இம்முயற்சி, வெப்பநிலையையும் செறிவையும் ஒருங்கே அறியும் வழியை விரிவாக்கியுள்ளது.